இடது காலின் இரண்டாம் விரல்

நகவெட்டி கடிக்கிற சத்தம் காதில் விழுந்தது. கடிபடுவது தன் நகம்தான் என்பது கண்ணால் பார்த்தால்தான் வேலுத்தாய்க்குத் தெரிந்தது. கால் அவளுடைய கால்தான். முழங்காலுக்குக் கீழே கொஞ்ச தூரம் அது அவளோடு பேசிக்கொண்டு வரும், கணுக்கால் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கிற இரண்டு பாதமும் யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன சாமான் மாதிரி. சர்க்கரை வந்து இத்தனை வருசத்தில் சர்க்கரை எடுத்துக்கொண்டது அதைத்தான். முற்றத்து வெயிலில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்த புருசன் சங்கரபாண்டி, மடியில் துண்டை விரித்து அவள் வலது காலை அதன்மேல் எடுத்து வைத்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு காது கம்பி உடைந்து நூல் கட்டியிருந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை, அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டு நகத்தோடு நின்றதா சதைக்குள் போனதா என்று அவளுக்குக் கால் சொல்லாது, இவர் புருவம்தான் சொல்ல வேண்டும். வலது புருவம் மேலே போனால் நகம் தடிமனாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒன்றாகச் சுருங்கினால் மூலையில் நிற்கிறது. இன்னும் ஒரு மாதிரி இருக்கும், அதை அவள் இதுவரை பார்த்ததில்லை, ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டைவிரல் முடிந்தது. நகத்துண்டு தெறித்துச் சிமெண்டுத் தரையில் எங்கோ விழுந்தது. அவர் அதைத் தேடி எடுத்துப் பேப்பர் மடிப்பில் போட்டார். மெல்ல, மெல்ல. இந்த மனுசன் எதையுமே அவசரமாகச் செய்ய மாட்டார், நூல் மில்லில் வரிசை வரிசையாக ஓடுகிற நூலில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேலையே பார்த்த கை. அவசரப்பட்டால் விரல் போகும் என்று படித்த கை. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டால் என்ன. வலது கால் முடிந்தால் இடது கால். இடது காலில் இரண்டாம் விரல். அதற்குமேல் அவள் மனசு போகாமல் முட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து மறுபடி புருவத்தில் உட்கார்ந்தது.

காலைக் கழுவப் பச்சைத் தண்ணியும் ஆகாது, கொதிக்கிற தண்ணியும் ஆகாது, வெதுவெதுப்பு போதும், அதையும் அம்மா தொட்டுப் பாத்துச் சொல்லக் கூடாது, அவங்களுக்குச் சூடு தெரியாது, நீங்க கையை விட்டுப் பாருங்க. சர்க்கரை வார்டு நர்சம்மா இதையெல்லாம் அவளிடம் சொல்லாமல் அவரிடம்தான் சொன்னாள், மாட்டைப் பற்றி மாட்டுக்காரனிடம் சொல்கிற மாதிரி. நகத்தை நேரா வெட்டணும், வளைச்சு வெட்டக் கூடாது. மூலையைத் தோண்டவே கூடாது. ஒட்ட வெட்டக் கூடாது. விரலுக்கு நடுவுல ஈரம் நிக்கக் கூடாது, அங்க எண்ணெயும் தடவக் கூடாது. வீட்டுக்குள்ளயும் செருப்பு. தினமும் ஒருதரம் அடிப்பாதம் வரைக்கும் பாத்திரணும். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு மாத்திரை வாங்குகிற வரிசைக்குப் போனார். அவர் போன பிறகுதான் நர்சம்மா குனிந்து அவள் காலைப் பார்த்து, கடைசியாக ஒன்று சொன்னாள். மெட்டியைக் கழட்டி வச்சிருங்கம்மா, அதுக்கு அடியில ஈரம் தங்கும், புண்ணு வந்தா உங்களுக்குத் தெரியாது. வேலுத்தாய் அதற்குத் தலையை ஆட்டவுமில்லை, ஆட்டாமலும் இல்லை. மாத்திரையோடு அவர் திரும்பி வந்து, வேற என்ன சொன்னாங்க என்று கேட்டபோது, ஒண்ணும் சொல்லல, புளியைக் குறைக்கச் சொன்னாங்க என்றாள். அன்றைக்கு வாயில் வந்த பொய் அது. பாவம், அவர் அதற்குப் பிறகு ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால்கூடச் சொல்லிக்காட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

வலது காலில் இரண்டாம் விரல் வந்தது. அதிலும் மெட்டி. அவர் மெட்டியை இரண்டு விரலால் லேசாக மேலே தள்ளி, அடியில் பழைய பனியன் துணியால் துடைத்து, குனிந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. வலது கால் எப்போதும் சமத்து. வேலுத்தாய்க்கு மூச்சு வந்தது, வந்த மூச்சு பாதியில் நின்றது. இங்கே தள்ளிப் பார்க்கிறவர் அங்கேயும் தள்ளித்தானே பார்ப்பார். போன தடவையெல்லாம் இப்படிப் பார்த்தாரா? போன தடவை எப்போது? புதன்தோறும்தான் நகம் வெட்டுவது, போன புதன்கிழமை அவர் தங்கச்சி வீட்டுக் காதுகுத்து, வெட்டவில்லை. மற்ற நாளில் வெட்ட அவள் விடமாட்டாள். ஞாயிறு கூடாது, திங்கள் கூடாது, செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, சனி கூடாது, அமாவாசை கூடாது, அவள் பிறந்த நட்சத்திரம் வந்தால் கூடாது, விளக்கு வைத்த பிறகு கூடவே கூடாது. வியாழக்கிழமை அவர் ஆகாது என்பார், எதற்கென்று அவருக்கே தெரியாது. "உன் நகம் வெள்ளிக்கிழமை பாத்து வளராம இருக்கா புள்ள?" என்று ஒருதரம் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற விசயமா அது. ஆனால் இப்போது யோசித்தால், போன வெள்ளியோ சனியோ இவர் பார்த்திருந்தால் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. வெறும் விரல் இருந்திருக்கும். மெட்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு விட்டிருப்பார், இன்றைக்கு இந்தக் கால் அவர் மடிக்கு வந்திருக்காது. நாள் பார்த்து நாள் பார்த்து, நாள்தான் வந்து விரலில் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போதுதான் அவள் பார்த்தாள். அதுவும் கண் பார்த்ததால் தெரிந்தது. இடது கால் மெட்டிக்கு அடியில் தோல் வெளுத்து ஊறி, சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி. நகத்தின் ஒரு ஓரம் சிவந்து, லேசாக மேடு தட்டி, அந்த மேட்டில் ஒரு சொட்டு ஈரம். துடைத்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். மறுபடி ஈரம். வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, ஒரு பொட்டு வலிகூட இல்லை. சின்ன வயசில் கைவிரலில் நகச்சுத்தி வந்திருக்கிறது அவளுக்கு. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிவிட்டார்கள். அந்த வலி இருக்கிறதே, விரலுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து உரல் இடிக்கிற மாதிரி. அழுது அழுது தொண்டை வறண்டு, பழம் சொருகிய கையைத் தூக்கிப் பிடித்தபடி வீடு முழுக்க நடந்தாள். ஊரே விசாரித்தது. அந்த வலி ஒரு நல்ல வலி. வீட்டுக்குள் திருடன் வந்தால் குரைக்கிற நாய் மாதிரி. இப்போது நாய் செத்துப்போய்விட்டது. திருடன் வந்து சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான், வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. அவள் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அந்த இடத்தில் அப்பி, மெட்டியை அதன்மேல் இறக்கிவிட்டாள். கண்ணில் படாவிட்டால் இல்லாத மாதிரி. திங்கள் பூராவும் சேலையைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு நடந்தாள். வழக்கமாக ராத்திரி டார்ச் அடித்து அவள் அடிப்பாதத்தைப் பார்க்கிற மனுசன், ஞாயிறும் திங்களும் செவ்வாயும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சீக்கிரம் படுத்துவிட்டார். அது சாமி செய்த உதவி என்று அப்போது நினைத்தாள். இப்போது அப்படி நினைக்கப் பயமாக இருந்தது.

வலது கால் சுண்டுவிரல். டக். அவர் ராவுகிற தகட்டை எடுத்து நகத்தின் முனையை ஒரே பக்கமாக ராவினார், முன்னும் பின்னும் இழுக்காமல். வீராச்சாமியை நினைத்துக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த வேலை நடக்கும்போது அவர் வாயில் வீராச்சாமி பேர் வராது, ஆனால் மூன்றாவது ஆளாக முற்றத்தில் வீராச்சாமி உட்கார்ந்திருப்பார். மில்லில் பக்கத்து மிசினில் நின்ற மனுசன், அவருக்கும் சர்க்கரை. கட்டைவிரல் நகம் மூலையில் உள்ளே வளர்ந்தது என்று ஊக்கை வைத்துத் தோண்டினார். தோண்டியபோது அவருக்கும் வலிக்கவில்லை. வலிக்கலையேப்பா, வலிக்கலையே என்று பின்னால் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் இவர்தான் உட்கார்ந்திருந்தார். கடைசித் தடவை வீட்டுக்கு வந்தவர் கையைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். மறுநாள் கடைக்குப் போய் இந்த நகவெட்டியை வாங்கி வந்தார். வெட்டின பிறகு ஸ்பிரிட்டில் துடைத்து அவள் பேருக்கென்று தனி டப்பாவில் வைக்கிறார். அவர் நகத்தை இன்னும் அரை பிளேடால்தான் வெட்டிக்கொள்கிறார்.

முதல்தரம் அவர் காலைத் தொட வந்தபோது அவள் பாம்பைக் கண்ட மாதிரி இழுத்துக்கொண்டாள். புருசன் கையில் காலைக் கொடுக்கிறதா. ஊர் சிரிக்கும், அதைவிடக் கட்டையில் போகும்போது பாவம் கூடவே வரும். அவர் பனியன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார், கல்யாணத்தன்னிக்கு அம்மி மேல உன் காலைப் பிடிச்சேனே, அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டினேன்னு. அம்மி ஜில்லென்று இருந்தது அன்றைக்கு. அந்த ஜில்லிப்பு உள்ளங்காலில் ஏறி முதுகு வரைக்கும் வந்தது. குனிந்திருந்த மாப்பிள்ளையின் தலையில் பூ ஒட்டிக்கொண்டிருந்தது, அதை மட்டும்தான் பார்த்தாள். மெட்டி நகத்துக்கு மேலே ஏறமாட்டேன் என்று நின்றது. நூலைப் பிடிக்கத் தெரிஞ்ச கைக்கு விரலைப் பிடிக்கத் தெரியலையே என்று நாத்தனார் சொல்ல, பந்தலே சிரித்தது. அவர் வெட்கத்தில் ஒரே அழுத்து அழுத்தினார். சுரீரென்று வலித்தது. அந்த வலி அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, எந்த விரல், எந்தப் பக்கம், எவ்வளவு. இடது கால், இரண்டாம் விரல். வலி ஞாபகத்தில் இருக்கிறது. விரலில் இல்லை.

"அந்தக் காலைக் குடு" என்றார்.

அடுப்பில் பருப்பு வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். வெயில் ஏறிவிட்டது, தலை கிறுகிறுக்கிறது என்றாள். நாற்காலியை அவளோடு சேர்த்து நிழலுக்கு இழுத்துப் போட்டார், நாற்காலிக் கால் தரையில் கீச்சிட்டது. இந்தக் காலை அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் நிற்காது. கல்யாணமாகி வந்த புதுசில் பாலைக் கருகவிட்டு, பூனை தட்டிவிட்டது என்று சொன்னபோது இப்படித்தான் பார்த்தார். இடது கால் அவர் மடிக்குப் போயிற்று. அது போனதை அவள் பார்த்தாள். சுண்டுவிரலில் இருந்து ஆரம்பித்தார். நல்லவேளை, சுண்டுவிரலில் இருந்து. கட்டைவிரலில் இருந்து ஆரம்பித்திருந்தால் அடுத்ததே அதுதான். சுண்டுவிரல், அதற்கு அடுத்தது, நடுவிரல். மூன்று விரலுக்குள் எத்தனையோ நடக்கலாம். வாசலில் யாராவது வரலாம். கரண்டு ஆபீஸ்காரன் வரலாம். போன் அடிக்கலாம். ஒரு மழை, சும்மா ஒரு பத்துச் சொட்டு மழை. வானம் வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. ஒரு காக்கைகூட இல்லை.

கழட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தெரியவில்லை, கையிலேயே வைத்திருந்து தெரிந்துகொண்டாள். அவள் அக்கா குருவம்மாவுக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேசன். உள்ளே கொண்டுபோகும் முன்னால் தாலி, தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழட்டச் சொன்னார்கள். அக்கா மற்றதெல்லாம் கழட்டிக் கொடுத்தாள், மெட்டியைக் கழட்டும்போது மட்டும் கை நின்றது. மச்சான்தான், நான் வெளியதான இருக்கேன், கழட்டித்தா என்றார். இரண்டு மெட்டியையும் அக்கா வேலுத்தாய் உள்ளங்கையில் வைத்தாள். சின்னதாக, சூடாக இருந்தன, அக்கா உடம்புச் சூடு. அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். மச்சான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனார். டீக்கடையிலேயே உட்கார்ந்தபடி சாய்ந்துவிட்டார். அக்கா பிழைத்து வந்தாள். அவள் பிழைத்தது யாருக்கு வேண்டும் என்று அவளே கேட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒன்று நடந்தது, அதை வேலுத்தாய் யாரிடமும் சொன்னதில்லை. காரியத்தன்றைக்கு அக்காவைத் தண்ணீர் ஊற்றி உட்கார வைத்தார்கள். மெட்டியைக் கழட்ட வந்த கிழவி குனிந்து பார்த்தாள், காலில் மெட்டி இல்லை. சுற்றி இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கழட்டுறதுக்குக் காலில இருக்கணுமே என்றாள் கிழவி. எல்லாரும் வேலுத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு அவிழமாட்டேன் என்றது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். கிழவி அக்கா காலில் மெட்டியை மாட்டினாள். மாட்டிவிட்டுக் கழட்டினாள். கழட்டுவதற்காக மாட்டினாள். அக்கா அழவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவியின் விரல், மஞ்சள் படிந்து, நகம் எல்லாம் தேய்ந்து, அவசரமே இல்லாமல். அன்றையிலிருந்து வேலுத்தாய்க்கு ராத்திரியில் கால் போர்வைக்கு வெளியே இருந்தால் தூக்கம் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. இது பயம்கூட இல்லை, பிழைப்பு. காலில் உணர்ச்சி போன பிறகு அவள் எப்படி நடக்கிறாள் என்று இவருக்குத் தெரியாது. மெட்டிச் சத்தத்தில் நடக்கிறாள். சிமெண்டுத் தரையில் டக் என்று கேட்டால் கால் ஊன்றியாயிற்று, அடுத்த காலை எடுக்கலாம். கேட்காவிட்டால் கால் இன்னும் எங்கோ வழியில் இருக்கிறது. இருட்டில் கொல்லைக்குப் போகும்போது அந்தச் சத்தம்தான் அவளுக்குக் கண். செருப்புப் போட்டால் மெட்டி தரையில் படாது. அதனால்தான் இவர் வாங்கிக்கொடுத்த வீட்டுச் செருப்பை இவர் இருக்கும்போது போட்டுக்கொண்டு, கடைக்குப் போனதும் கதவோரம் கழட்டி வைத்துவிடுவாள். வெறுங்காலோடு ஈரத்தில் நிற்பாள், பாத்திரம் துலக்குகிற இடத்தில், கொல்லையில். நர்சம்மா சொன்னது எல்லாம் அவள் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் எந்தக் காதால் நர்சம்மாவைக் கேட்டாளோ அதே காதால்தானே நடக்கவும் வேண்டியிருக்கிறது. மெட்டியைக் கழட்டினால் அவர் போவார், அல்லது அவள் விழுவாள். கழட்டாவிட்டால் விரல் போகும், வீராச்சாமி போன வழியே போகும். இப்படித் திரும்பினாலும் சுவர், அப்படித் திரும்பினாலும் சுவர். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அவள் இந்த இரண்டு சுவருக்கும் நடுவில்தான் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள்.

நடுவிரல் முடிந்தது.

அவர் பனியன் துணியை மடித்து, நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் விட்டு எடுத்தார். எடுத்த துணியைப் பார்த்தார். துணியில் மஞ்சள் இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வேலுத்தாய் அவர் புருவத்தைப் பார்த்தாள். அது மேலேயும் போகவில்லை, சுருங்கவும் இல்லை. அப்படியே நின்றது. இதுதான் அது, அவள் பார்த்திராதது. அவர் மெட்டியின் ஓரத்தைக் கட்டைவிரல் நுனியால் தொட்டு, கொஞ்சமே கொஞ்சம் தள்ளினார். தள்ளியது அவளுக்குத் தெரியவில்லை, அவர் தோள் கெட்டிப்பட்டதில்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியை வைத்தார்கள்.

எப்போது என்று கேட்டார். எது என்றாள். அவர் கையை நீட்டி, சுவரோரம் வைத்திருந்த சவரக் கண்ணாடியை எடுத்து, அவள் விரலுக்குக் கீழே பிடித்தார். கண்ணாடியில் ஒரு விரல் தெரிந்தது. வெளுத்த தோல், சிவந்த ஓரம், மஞ்சள் கரைந்து வழிந்த தடம். ஞாயிற்றுக்கிழமை இருந்ததைவிடச் சிவப்பு அகலமாகியிருந்தது. யாருடைய விரலோ மாதிரி இருந்தது. வீராச்சாமியுடைய விரல் மாதிரி இருந்தது. ஞாயித்துக்கிழமை என்றாள். அவர் திட்டுவார் என்று நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும், திட்டினால் அழலாம். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மெட்டியின் இரண்டு முனையும் சேருகிற இடத்தைத் தேடினார்.

"கழட்டக் கூடாது" என்றாள்.

அவர் கை நின்றது. அக்காவுக்கு என்று அவள் ஆரம்பித்தாள், அதற்குமேல் வரவில்லை. முந்தானை, முடிச்சு, பல்லால் கடித்தது, அந்தக் கிழவி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன. கழட்டுறதுக்காக மாட்டினாங்க என்று மட்டும் சொன்னாள். ஒருதரம் சொன்னதும் அதுவே மறுபடி வந்தது, கழட்டுறதுக்காக மாட்டினாங்க, எங்கிட்டதான் இருந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவருக்கு அது தெரியாது. பந்தலுக்கு வெளியே ஆண்களோடு நின்றிருந்தார் அன்றைக்கு. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டின் ஓரத்தில் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். உன் மச்சான் நாளெல்லாம் பீடி குடிச்சாரு, நெஞ்சு வலிக்குதுன்னு முந்தின மாசமே எங்கிட்டச் சொன்னாரு, அதுக்கு மெட்டி என்ன பண்ணும் என்று, அவளிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், விரலிடம் சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு இன்னொன்று சொன்னார். இந்த முற்றத்தில் அந்தப் பேர் முதல்முதலாக அவர் வாயில் வந்தது.

"வீராச்சாமி பொண்டாட்டி இன்னைக்கும் மெட்டி போட்டுக்கிட்டுத்தான் இருக்கா. அவன் காலு எங்க போச்சு?"

அது மூளைக்குச் சொன்ன கணக்கு, பயம் வேறு இடத்தில் குடியிருக்கிறது, அங்கே அது போய்ச் சேராது. கால் அவர் மடியில் இருந்தது, இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொள் என்று காலுக்குச் சொன்னாள். முழங்கால் கேட்டது, பாதம் கேட்கவில்லை. அவர் கணுக்காலைப் பிடித்திருந்திருக்க வேண்டும்.

"இத மாட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நீங்க."

"அப்போ கழட்டுறதும் நாந்தான். அதுக்குன்னு வேற எவளும் உன் காலைத் தொட வரமாட்டா."

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். தலையில் முடி போய்விட்டது, பூ ஒட்ட இடமில்லை, வெயிலில் வழுக்கை வேர்த்திருந்தது. வேலுத்தாய் அந்த மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் படிந்த அந்தக் கிழவியின் விரல்கள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன, வந்து, காலில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து நின்றன. முந்தானையை யாரும் அவிழ்க்கவில்லை. அந்த விரல்களுக்கு இங்கே வேலை இல்லை. இவர் போகமாட்டார் என்று இவர் சொல்லவில்லை, அது சொல்ல முடியாது, அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். மெட்டி கழட்ட வருகிற அந்த ஒரு நாளை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார், அறுந்த இழையை எடுக்கிற மாதிரி. அவள் கண்ணை மூடவில்லை. அவர் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். ஏறியது. இறங்கியது. மெட்டி விரிகிற சத்தம் ஒன்று இருக்கும் என்று காத்திருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவர் நெஞ்சு மறுபடி ஏறியது. கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் வளைந்து கிடந்தது மெட்டி, உள்பக்கம் கறுத்து, மஞ்சள் அப்பி. அவ்வளவுதானா. இவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நகத்தை அவர் வெட்டவில்லை. மேட்டைக் கசக்கவில்லை, ஓரத்தைத் தோண்டவில்லை. பக்கத்தில் வைத்திருந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் அள்ளி ஊற்றி மஞ்சளைக் கரைத்துவிட்டு, ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்து, வெள்ளைத் துணியை மேலோடு சுற்றினார். சேலையை மாத்து, ஆஸ்பத்திரிக்குப் போறோம், நாளைக்கு இல்ல, இப்பவே என்றார். பிறகு வலது காலை மறுபடி மடிக்கு எடுத்தார். அதில் ஒன்றும் இல்லையே என்றாள். இல்லாதபோதே கழட்டணும், வந்த பிறகு கழட்டுறதுக்கு நான் எதுக்கு வாரத்துக்கு ஒருக்க இங்க உக்காருதேன் என்றார். அந்த மெட்டியும் வந்தது. நர்சம்மா இதையும் சொன்னாங்க என்று அவள் சொல்லிவிட்டாள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போ புளி என்று கேட்டார். புளியைப் பத்தி ஒண்ணும் சொல்லல என்றாள். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பா கோபமா என்று பிடிபடுவதற்குள் போய்விட்டது.

இரண்டு மெட்டியையும் வாங்கிக்கொள்ள அவள் கை தானாக முந்தானையை எடுத்தது. எடுத்த கை முந்தானையோடு நின்றது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேட்டியை இடுப்பில் கொஞ்சம் இளக்கி, பீரோச் சாவி தொங்குகிற அரைஞாண் கயிற்றை வெளியே இழுத்து, முடிச்சை அவிழ்த்து, இரண்டு மெட்டியையும் துடைத்துச் சாவிக்குப் பக்கத்தில் கோத்துக் கட்டினார். எங்கிட்டயே கிடக்கட்டும் என்றார். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அரைஞாணில் வெள்ளி கட்டுவார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார், கொஞ்சம் தள்ளாடி நின்றார். அவளுக்கு உயிர் ஒருதரம் போய் வந்தது.

செருப்பை அவர்தான் மாட்டிவிட்டார், துணி சுற்றிய விரல் வாரில் உரசாமல். எழுந்திரு என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முற்றத்துக்கும் உள்வாசலுக்கும் நடுவில் ஒரு படி. வலது காலை எடுத்து வைத்தாள். சத்தம் இல்லை. வைத்தாளா இல்லையா. கீழே தரை இருக்கிறதா இல்லையா. கிணற்றுக்குள் காலைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. அவரைக் கூப்பிட நினைத்தாள், கட்டிய நாளில் இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அந்த நேரத்துக்கு வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை. அவர் சட்டையை எடுக்க உள்ளே நடந்துகொண்டிருந்தார். அப்போது கேட்டது, சாவியும் வெள்ளியும் இடிக்கிற சத்தம், கிணுக். ஒரு அடி. கிணுக். இன்னொரு அடி. வீட்டுக்குள் இருட்டில் அது கேட்டுக்கொண்டே போயிற்று, திடீரென்று நின்றது. வேலுத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது மட்டும் இருந்தது அவளுக்கு, வேறு எதுவும் இல்லை. நின்றது நின்றபடியே இருந்தது.

கிணுக்.

வேலுத்தாய் இடது காலை எடுத்து வைத்தாள்.